இணையம் யார் சொல்வதை நம்புகிறது? வலையமைப்புப் பாதுகாப்பின் அடிப்படைகள்

2018 ஏப்ரல் 24 அன்று, மைஈதர்வாலட் என்ற கிரிப்டோ நாணயச் சேவையின் இணைய முகவரியைத் தங்கள் உலாவியில் சரியாகத் தட்டச்சு செய்தவர்களில் ஒரு பகுதியினர், ரஷ்யாவில் இருந்த ஒரு போலிச் சர்வருக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அவர்கள் எழுத்துப்பிழை செய்யவில்லை. மின்னஞ்சலில் வந்த சந்தேகத்துக்குரிய இணைப்பு எதையும் அழுத்தவில்லை. அவர்களுடைய கணினிக்குள் யாரும் வைரஸை அனுப்பத் தேவைப்படவில்லை. அந்தச் சேவையின் சர்வருக்குள்ளும் யாரும் நுழையவில்லை. ஆனாலும் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் சுமார் 1,50,000 டாலர் மதிப்புள்ள ஈதர் நாணயம் களவு போனது.

வலையமைப்புப் பாதுகாப்பு என்றதும் ஃபயர்வால், ஆன்டிவைரஸ், வி.பி.என். என்று பொருள்களின் பட்டியல் ஒன்றையே நாம் நினைத்துக்கொள்கிறோம். நம் கல்லூரிகளிலும் பயிற்சி நிலையங்களிலும், வலையமைப்பின் வேலையைப் பிரித்துக் காட்டும் ஏழு அடுக்குகளின் பெயர்களை வரிசையாக ஒப்பிக்கும் மாணவர்கள், அந்த அடுக்குகளில் எது யாருடைய பேச்சை நம்பி நடக்கிறது என்று கேட்டால் தடுமாறுகிறார்கள். என் கருத்தில் அடிப்படை என்று சொல்லத்தக்கது அந்தக் கேள்விதான். ஒரு பக்கத்தைத் திறக்க நாம் அனுப்பும் கோரிக்கை, வழியில் பலரிடமும் வழி கேட்டுக்கொண்டே போகிறது. ஒவ்வொரு நிலையிலும் யாரோ ஒருவர் பதில் சொல்கிறார். அவருக்கு அந்தப் பதிலைச் சொல்லும் உரிமை உண்டா என்று யார் சரிபார்க்கிறார்கள் என்பதைப் பின்தொடர்ந்து பார்த்தால், மேலே சொன்ன திருட்டு எப்படி நடந்தது என்பதும், அதைத் தடுக்க இன்றைக்கு என்னென்ன இருக்கின்றன என்பதும் ஒருசேர விளங்கும்.

இணையத்தின் மொழியாகிய டி.சி.பி./ஐ.பி. நெறிமுறைக்கு விதையிட்ட ஆய்வுக் கட்டுரையை அமெரிக்கக் கணினி அறிஞர்களான விண்ட் செர்ஃபும் பாப் கானும் 1974-இல் வெளியிட்டார்கள். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் நிதியில் வளர்ந்த, இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட், 1983 ஜனவரி 1 அன்று அந்த நெறிமுறைக்கு மாறியது. அன்று அவர்கள் முன்னிருந்த சிக்கல், ஒன்றோடொன்று ஒத்துவராத வெவ்வேறு வலையமைப்புகளை எப்படி இணைப்பது, வழியில் ஒரு இணைப்பு அறுந்தாலும் தகவலை எப்படிக் கொண்டுசேர்ப்பது என்பதுதான். அதற்கு அவர்கள் கண்ட தீர்வு, தகவலைச் சிறு பாக்கெட்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் தலைப்பிலும் அனுப்புநர் முகவரியையும் பெறுநர் முகவரியையும் எழுதி, வழியிலுள்ள ரவுட்டர்கள் ஒவ்வொன்றும் அடுத்த தாவல் எது, அதாவது அடுத்து யாரிடம் கொடுப்பது, என்பதை மட்டும் முடிவு செய்யும்படி விடுவது. முழுப் பாதையையும் அறிந்தவர் எவரும் இல்லை. அறிய வேண்டிய தேவையும் இல்லை. ஒரு சில ஆய்வகங்களுக்காக எழுதப்பட்ட விதிகள் கோடிக்கணக்கான கருவிகளுக்கும் தாங்கியதற்கு இந்த எளிமையே காரணம்.

அதே எளிமைதான் ஓட்டையும் ஆயிற்று. ரவுட்டர் பார்ப்பது பெறுநர் முகவரியை மட்டுமே. அனுப்புநர் முகவரி உண்மையானதா என்று பார்ப்பது அதன் வேலையில் சேராது. பொய்யான அனுப்புநர் முகவரியுடன் பாக்கெட் அனுப்புவதை நெறிமுறை தானாகத் தடுப்பதில்லை. ஒருவருடைய முகவரியைப் போட்டுப் பல சர்வர்களிடம் கேள்வி கேட்டு, அத்தனை பதில்களும் அவர் தலையில் போய்க் கொட்டும்படி செய்யும் சேவை மறுப்புத் தாக்குதல்கள் இந்த ஓட்டையில் பிறந்தவை. தன் வாடிக்கையாளரிடமிருந்து வரும் பாக்கெட்டில் அந்த வாடிக்கையாளருக்குத் தராத முகவரி இருந்தால் அதை வாசலிலேயே நிறுத்திவிட வேண்டும் என்ற பரிந்துரை 2000-ஆம் ஆண்டிலேயே எழுதப்பட்டுவிட்டது. ஆனால் அதைச் செய்யும் நிறுவனத்துக்குச் செலவு, பலனோ வேறு யாருக்கோ. அதனால் இன்றும் அதைச் செய்யாத நிறுவனங்கள் உண்டு. வலையமைப்புப் பாதுகாப்பில் பல நல்ல தீர்வுகள் ஆண்டுக்கணக்கில் காகிதத்திலேயே கிடப்பதற்கும் காரணம் இதுதான்.

இனி, கோரிக்கை கிளம்பும் இடத்திலிருந்து தொடங்குவோம். உங்கள் மடிக்கணினியின் முகவரி 192.168.1.7 என்றும், வீட்டு ரவுட்டரின் முகவரி 192.168.1.1 என்றும் வைத்துக்கொள்வோம். வெளியுலகுக்குப் போக வேண்டிய பாக்கெட் முதலில் ரவுட்டரைச் சேர வேண்டும். ஆனால் வைஃபையிலும் கம்பியிலும் ஐ.பி. முகவரி செல்லாது, அங்கே வேண்டியது ஒவ்வொரு கருவியின் நெட்வொர்க் அட்டைக்கும் உரிய 48 பிட் மேக் முகவரி. அதைக் கண்டறியும் ஏ.ஆர்.பி. நெறிமுறை 1982-இல் எழுதப்பட்டது. வயர்ஷார்க் என்ற மென்பொருளைத் திறந்து வைத்துக்கொண்டு கவனித்தால், நடக்கும் உரையாடல் அப்படியே திரையில் ஓடும். உங்கள் கணினி அந்த வலையமைப்பிலுள்ள எல்லோரையும் நோக்கி, “192.168.1.1 யாரிடம் இருக்கிறது? 192.168.1.7-க்குச் சொல்லவும்” என்று கேட்கிறது. “192.168.1.1 இந்த மேக் முகவரியில் இருக்கிறது” என்று ஒரு வரிப் பதில் வருகிறது. கணினி அதைத் தன் அட்டவணையில் குறித்துக்கொண்டு, வெளியே போக வேண்டிய அத்தனையையும் அந்த முகவரிக்கே அனுப்பத் தொடங்குகிறது.

பதில் சொன்னது ரவுட்டர்தானா என்று கணினி கேட்கவில்லை. கேட்பதற்கு அந்த நெறிமுறையில் வழியே இல்லை. அது மட்டுமல்ல, கேள்வி எதுவும் கேட்காதபோதும் வலிய வந்து சொல்லப்படும் பதிலைப் பல இயங்குதளங்கள் ஏற்று அட்டவணையை மாற்றிக்கொள்கின்றன. அதே வைஃபையில் இருக்கும் இன்னொருவர் “192.168.1.1 நான்தான்” என்று சில விநாடிகளுக்கு ஒருமுறை சொல்லிக்கொண்டே இருந்தால், உங்கள் பாக்கெட்டுகள் அவர் வழியாகப் போகும், அவர் அவற்றைப் படித்துவிட்டு உண்மையான ரவுட்டருக்கு அனுப்பிவிட்டால் உங்களுக்கு வேறுபாடே தெரியாது. விடுதி வைஃபை, தேநீர்க்கடை வைஃபை பற்றிய எச்சரிக்கைகளுக்கெல்லாம் அடிப்படை இந்த ஒரு வரிப் பதில்தான். அலுவலகங்களில் கணினிகளைக் கம்பியால் இணைக்கப் பயன்படும், மேலாண்மை வசதியுள்ள ஸ்விட்ச்களில் இதற்குத் தடுப்பு இருக்கிறது: எந்தக் கருவிக்கு எந்த ஐ.பி. முகவரி வழங்கப்பட்டது என்பதை ஸ்விட்ச் தானே கவனித்து எழுதி வைத்துக்கொண்டு, அதற்கு முரணான ஏ.ஆர்.பி. பதில் வந்தால் அந்த இணைப்பிலேயே தூக்கி எறிந்துவிடும். அந்த வசதிக்குப் பணம் கொடுத்து ஸ்விட்சை வாங்கிவிட்டு, அதை இயக்காமலே வைத்திருக்கும் அலுவலகங்கள் ஏராளம் என்பதை இத்துறையில் இருப்பவர்கள் அறிவார்கள்.

இதே இடத்தில் இன்னொரு தவறான நம்பிக்கையையும் சொல்லிவிட வேண்டும். 192.168 என்று தொடங்கும் முகவரிகள் தனிப்பயன்பாட்டுக்கென்று 1994-இல் ஒதுக்கப்பட்ட தொகுதிகளில் ஒன்று. ஐ.பி. நான்காம் பதிப்பில் மொத்தமே சுமார் 429 கோடி முகவரிகள்தான் உண்டு என்பதால், ஒரு வீட்டின் எல்லாக் கருவிகளும் ரவுட்டரின் ஒரே பொது முகவரியைப் பகிர்ந்துகொள்ள இந்த ஏற்பாடு வந்தது. வெளியிலிருந்து வீட்டுக் கருவியை நேரே தொட முடியாமல் போவது அதன் பக்க விளைவு. அது ஃபயர்வால் அன்று. ஃபயர்வால் என்பது எந்த உரையாடலை யார் தொடங்கினார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, உள்ளிருந்து தொடங்கியவற்றுக்கான பதில்களை மட்டும் அனுமதிக்கும் விதித்தொகுப்பு. உள்ளே இருக்கும் ஒரு கருவியே தீயவரிடம் பேசத் தொடங்கினால் அதுவும் வாயிலைத் திறந்தே விடும். பாக்கெட்டில் எழுதியிருக்கும் பெயரும் முகவரியும் உண்மையா என்ற கேள்விக்கு அதனிடம் விடை கிடையாது.

ரவுட்டரைத் தாண்டுவதற்கு முன் கணினிக்கு இன்னொன்று தெரிய வேண்டும்: நாம் தட்டச்சு செய்த பெயருக்கு உரிய எண் முகவரி. ஆர்பாநெட் காலத்தில் எல்லாக் கணினிகளின் பெயர்களும் ஒரே கோப்பில் இருந்தன. கலிஃபோர்னியாவிலுள்ள ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனம் அதைப் பராமரித்தது. கணினிகள் பெருகியதும் அந்தக் கோப்பு தாங்கவில்லை. 1983-இல் பால் மொக்காபெட்ரிஸ் வடிவமைத்த டி.என்.எஸ். அமைப்பு, அந்த ஒரே கோப்பை உலகம் முழுவதும் பரப்பிப் பொறுப்பைப் பகிர்ந்தளித்தது. மூலச் சர்வருக்கு டாட்காம் யாரிடம் என்பது மட்டும் தெரியும். டாட்காம் சர்வருக்கு அந்த நிறுவனத்தின் பெயர்ச் சர்வர் எது என்பது மட்டும் தெரியும். கடைசியில் அந்தப் பெயர்ச் சர்வர் எண்ணைச் சொல்லும். நம் சார்பில் இப்படி ஒவ்வொருவரிடமும் கேட்டு வரும் சர்வரை இணையச் சேவை நிறுவனம் நடத்தலாம், கூகுளின் 8.8.8.8 போன்ற பொதுச் சேவையாகவும் அது இருக்கலாம். கேட்டு வந்த பதிலை அது சிறிது காலம் நினைவில் வைத்திருந்து மற்றவர்களுக்கும் தரும்.

பதில் சரியான இடத்திலிருந்துதான் வந்தது என்பதற்கு இருந்த ஒரே அடையாளம், கேள்வியோடு அனுப்பிய ஒரு 16 பிட் எண் பதிலிலும் திரும்பி வருவது. அதாவது 65,536 வாய்ப்புகளில் ஒன்று. உண்மையான பதில் வருவதற்குள் அந்த எண்ணை ஊகித்துப் பொய்ப் பதிலை முந்தி அனுப்பிவிட்டால் அது ஏற்கப்படும். ஆனால் ஒருமுறை தோற்றால் உண்மையான பதில் நினைவில் ஏறிவிடும், அது காலாவதியாகும் வரை மறுமுயற்சி கிடையாது என்பதால், இது பெரிய ஆபத்தில்லை என்றே பலர் எண்ணியிருந்தார்கள். 2008-இல் பாதுகாப்பு ஆய்வாளர் டான் காமின்ஸ்கி அந்த எண்ணத்தைத் தகர்த்தார். இல்லாத பெயர்களாகப் பார்த்து, நிறுவனத்தின் பெயருக்கு முன்னால் 1, 2, 3 என்று மாற்றி மாற்றிக் கேட்டால் ஒவ்வொரு கேள்வியும் புதியது. ஒவ்வொன்றும் புதிய பந்தயம். எந்தப் பந்தயத்தில் வென்றாலும், “இந்தப் பெயர் எனக்குத் தெரியாது, ஆனால் இந்த நிறுவனத்தின் பெயர்ச் சர்வர் இதுதான், அங்கே கேள்” என்று பொய்ப் பதிலிலேயே ஒரு வரி சேர்த்து, அந்த நிறுவனத்தின் பெயர்கள் முழுவதையும் கைப்பற்றிவிடலாம். அவர் இதை உடனே அறிவிக்காமல் முதலில் மென்பொருள் தயாரிப்பாளர்களிடம் கொண்டுபோனார். அவர்கள் ஒன்றுகூடி அந்த ஆண்டு ஜூலை 8 அன்று ஒரே நாளில் திருத்தங்களை வெளியிட்டார்கள். கேள்வி எந்த வாயிலிலிருந்து கிளம்புகிறது என்று குறிக்கும் போர்ட் எண்ணையும் ஒவ்வொரு முறையும் மாற்றுவதே திருத்தம். ஊகிக்க வேண்டிய வாய்ப்புகள் ஆயிரக்கணக்கிலிருந்து கோடிக்கணக்குக்கு உயர்ந்தன.

அது ஊகிப்பதைக் கடினமாக்கியதே தவிர, சொல்பவர் யார் என்பதை நிறுவவில்லை. அதை நிறுவுவது டி.என்.எஸ்.செக்: ஒவ்வொரு பதிலும் டிஜிட்டல் கையொப்பத்தோடு வரும், அந்தக் கையொப்பத்தை மேலுள்ள நிலை உறுதிசெய்யும், கடைசியில் மூலச் சர்வரின் திறவுகோல் வரை சங்கிலி நீளும். மூலத்துக்கான கையொப்பம் 2010 ஜூலை 15 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆயினும் பெரும்பாலான டாட்காம் பெயர்கள் இன்றும் கையொப்பம் இல்லாமலே இருக்கின்றன. கையொப்பத்தைப் புதுப்பிக்க மறந்தால் இணையதளமே காணாமல் போகும் என்ற அச்சம் ஒரு காரணம். சரிபார்க்காவிட்டாலும் நாள்தோறும் வேலை நடந்துகொண்டுதான் இருக்கிறது என்பது அதைவிடப் பெரிய காரணம்.

அடுத்தது பாதை. இந்தக் கட்டுரையில் நான் அதிகம் நின்று சொல்ல விரும்புவது இதைத்தான், ஏனென்றால் நெட்வொர்க்கிங் படித்தவர்களிலும் பலர் இதன் உள்ளே எட்டிப் பார்ப்பதில்லை.

இணையம் என்பது ஒரே வலை அன்று. தன்னாட்சி உடைய பல்லாயிரம் வலையமைப்புகள் தங்களுக்குள் செய்துகொண்ட ஏற்பாடு. இணையச் சேவை நிறுவனங்கள், பல்கலைக்கழகங்கள், வங்கிகள், கூகுள், அமேசான் என ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. எந்த முகவரித் தொகுதி யாரிடம் இருக்கிறது என்பதை இவை ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளும் நெறிமுறையின் பெயர் பி.ஜி.பி. 1989 ஜனவரியில் டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில் நடந்த பொறியாளர் கூட்டத்தின் உணவு இடைவேளையில், கிர்க் லாஹீடும் யாக்கோவ் ரெக்டரும் கைதுடைக்கும் காகிதங்களில் அதன் முதல் வரைவை எழுதினார்கள். அவசரத்துக்கு எழுதிய அந்த நெறிமுறை, பல பதிப்புகள் கடந்து இன்றும் உலகின் எல்லா வலையமைப்புகளையும் இணைத்துக்கொண்டிருக்கிறது. “இந்தத் தொகுதி என்னிடம் இருக்கிறது” என்று ஒரு வலையமைப்பு தன் அண்டை வலையமைப்பிடம் அறிவிக்கும். அது தன் எண்ணையும் சேர்த்து அடுத்ததற்குச் சொல்லும். இப்படி நிமிடங்களில் உலகெங்கும் பரவிவிடும். சொல்பவருக்கு அந்தத் தொகுதி சொந்தமா என்று பார்க்கும் ஏற்பாடு அந்த வரைவில் இல்லை. அப்போது இருந்தவர்கள் ஒருவரையொருவர் அறிந்தவர்கள்.

ஒரே முகவரிக்கு இரண்டு அறிவிப்புகள் வந்தால் ரவுட்டர் எதை ஏற்கும்? இரண்டில் எது அதிகம் குறுகிய வட்டத்தைச் சுட்டுகிறதோ அதையே ஏற்கும். உறையின்மேல் மாவட்டத்தின் பெயர் மட்டும் தெரிந்தவரைவிடத் தெருவின் பெயரைச் சொல்பவரையே தபால்காரர் பின்பற்றுவார் என்பதைப் போன்றது இந்த விதி. எழுத்தில், தொகுதியின் பெயருக்குப் பின் சாய்கோடிட்டு ஓர் எண் இருக்கும். அந்த எண் கூடக் கூடத் தொகுதி சிறியதாகும். 22 என்றால் 1,024 முகவரிகள், 24 என்றால் 256 முகவரிகள், 25 என்றால் 128.

இந்த விதி என்ன செய்யும் என்பதை உலகம் 2008 பிப்ரவரி 24 அன்று கண்டது. யூடியூபைத் தடை செய்யும்படி பாகிஸ்தான் அரசு உத்தரவிட்டிருந்தது. யூடியூப் தன் முகவரிகளை 208.65.152.0/22 என்று அறிவித்து வந்தது. தன் நாட்டுப் பயனர்களின் கோரிக்கைகளை வெற்றிடத்துக்குத் திருப்பிவிட எண்ணிய பாகிஸ்தான் டெலிகாம், அதற்குள் அடங்கிய 208.65.153.0/24 தன்னிடம் இருப்பதாக அறிவித்தது. அந்த அறிவிப்பு நாட்டுக்குள் நின்றிருக்க வேண்டும். ஆனால் சர்வதேச நேரம் 18:47 மணிக்கு அது ஹாங்காங்கைச் சேர்ந்த பி.சி.சி.டபிள்யூ. நிறுவனத்துக்குக் கசிந்தது, அந்த நிறுவனம் எந்தச் சோதனையும் இல்லாமல் உலகுக்குச் சொன்னது. 24 என்பது 22-ஐவிடக் குறுகியது. ஆகவே உலகின் ரவுட்டர்கள் யூடியூபுக்கான பாக்கெட்டுகளைப் பாகிஸ்தானுக்கு அனுப்பத் தொடங்கின. யூடியூபின் பொறியாளர்கள் 20:07 மணிக்குத் தாங்களும் அதே 24-ஐ அறிவித்தார்கள். இப்போது இரண்டும் ஒரே அளவு என்பதால், யூடியூபுக்குப் போகும் பாதையின் நீளம் குறைவாக இருந்த வலையமைப்புகள் மட்டும் திரும்பின. 20:18 மணிக்கு அதையும் இரண்டாகப் பிளந்து 25 அளவுள்ள இரு அறிவிப்புகளை அவர்கள் வெளியிட்ட பிறகே நிலைமை பெருமளவு மாறியது. 21:01 மணிக்கு பி.சி.சி.டபிள்யூ. அந்தத் தவறான அறிவிப்புகளைத் திரும்பப் பெற்றது. சொத்து யாருடையதோ அவரே, தன் சொத்தை மீட்க, அத்துமீறியவரைவிடச் சிறிய துண்டாக அதை அறிவிக்க வேண்டியிருந்தது என்பதைக் கவனியுங்கள்.

அது கைத்தவறு. பத்து ஆண்டுகளுக்குப் பின் நடந்த மைஈதர்வாலட் திருட்டில் அதே ஓட்டை திட்டமிட்டுப் பயன்படுத்தப்பட்டது. திருடர்கள் குறிவைத்தது அந்தச் சேவையின் சர்வரை அன்று. அதன் பெயருக்கு எண் சொல்லும் அமேசானின் ரூட் 53 என்ற டி.என்.எஸ். சேவையை. அமேசான் 23 அளவில் அறிவித்து வந்த தொகுதிகளுக்குள் இருந்து, 24 அளவுள்ள ஐந்து தொகுதிகள், ஓஹையோ மாநிலத்திலிருந்த ஓர் இணையச் சேவை நிறுவனத்தின் எண்ணில் அறிவிக்கப்பட்டன. ஏறக்குறைய 1,300 முகவரிகள். அந்த அறிவிப்பை ஏற்ற வலையமைப்புகளிலிருந்து ரூட் 53-ஐ நோக்கிப் போன கேள்விகள் திருடர்களின் பெயர்ச் சர்வருக்குப் போயின. அது மைஈதர்வாலட் என்ற பெயருக்கு ரஷ்ய முகவரியைப் பதிலாகத் தந்தது. பதிலை நினைவில் வைத்துக்கொண்ட பொது டி.என்.எஸ். சேவைகள், தவறு எதுவும் செய்யாமலே, அந்தப் பொய்யைத் தங்கள் பயனர்களுக்கும் கொண்டுசேர்த்தன. காமின்ஸ்கிக்குப் பின் வந்த திருத்தம் இங்கே உதவவில்லை; ஏனென்றால் எண்ணை ஊகிக்க வேண்டிய தேவையே இல்லை, கேள்வியே திருடர் கைக்கு வந்துவிட்டது. அந்தப் பெயருக்கு டி.என்.எஸ்.செக் கையொப்பம் இருந்து, கேட்கும் சர்வரும் அதைச் சரிபார்த்திருந்தால் பொய்ப் பதில் அங்கேயே நிராகரிக்கப்பட்டிருக்கும்.

பாதைக்கான தீர்வும் கையொப்பம்தான். ஆர்.பி.கே.ஐ. என்ற இந்த ஏற்பாட்டின் அடிப்படை விதிகள் 2012-இல் வெளியாயின. முகவரிகளை ஒதுக்கும் பதிவகங்கள், அதாவது ஆசிய பசிபிக் பகுதிக்கு ஏபினிக், அதன்கீழ் இந்தியாவுக்கு ஐ.ஆர்.ஐ.என்.என். போன்றவை, “இந்தத் தொகுதியை இந்த எண்ணுடைய வலையமைப்பு மட்டும், இந்த அளவு வரை மட்டும் அறிவிக்கலாம்” என்று கையொப்பமிட்ட ஆவணத்தை உருவாக்க இடம் தருகின்றன. அதைச் சரிபார்க்கும் ரவுட்டர், முரணான அறிவிப்பைக் குப்பையில் போடும். 2024-இல், உலகில் அறிவிக்கப்படும் ஐ.பி. நான்காம் பதிப்புப் பாதைகளில் பாதிக்கு மேற்பட்டவற்றுக்கு இத்தகைய ஆவணம் வந்துவிட்டது. அந்த ஆவணத்தில் அளவு என்ற பகுதியை அசட்டையாக நிரப்பக் கூடாது. 22 அளவை மட்டுமே அறிவிக்கும் நிறுவனம், பின்னால் உதவும் என்று 24 வரை அனுமதி கொடுத்து வைத்தால், அந்த நிறுவனத்தின் எண்ணையே பாதையின் தொடக்கத்தில் பொய்யாக எழுதி 24-ஐ அறிவிக்கும் திருடருக்கும் அந்த ஆவணம் சான்று சொல்லிவிடும். நடைமுறையில் எதை அறிவிக்கிறோமோ அந்த அளவையே எழுத வேண்டும்.

பெயரும் பொய்யாகி, பாதையும் பொய்யான பிறகும், 2018-இல் ஒரு அரண் நின்றது. அது டி.எல்.எஸ்., அதாவது முகவரிப் பட்டையில் எச்.டி.டி.பி.எஸ். என்று காணும் ஏற்பாடு. அதன் அமைப்பே வேறு: வழியிலுள்ள எவரையும் நம்ப வேண்டியதில்லை என்ற எண்ணத்தில் எழுந்தது அது. விட்ஃபீல்ட் டிஃபியும் மார்ட்டின் ஹெல்மனும் 1976-இல் காட்டிய முறைப்படி, இரு தரப்பும் வெளிப்படையாகச் சில எண்களைப் பரிமாறிக்கொண்டே, கேட்டுக்கொண்டிருப்பவருக்குத் தெரியாத ஓர் இரகசியத் திறவுகோலை உருவாக்கிக்கொள்ள முடியும். ஆனால் இரகசியமாகப் பேசினால் மட்டும் போதாது. யாரிடம் பேசுகிறோம் என்பது தெரிய வேண்டும். அதற்காகச் சர்வர் ஒரு சான்றிதழைக் காட்டி, அந்தச் சான்றிதழுக்கு உரிய அந்தரங்கத் திறவுகோல் தன்னிடம் இருப்பதை அந்த உரையாடலின்மீதே கையொப்பமிட்டு நிரூபிக்கிறது. அந்தச் சான்றிதழை உலாவி நம்பும் ஏதேனும் ஒரு சான்றளிப்பு நிறுவனம் வழங்கியிருக்க வேண்டும்.

ரஷ்யச் சர்வரிடம் அப்படியொரு சான்றிதழ் இல்லை. தனக்குத் தானே எழுதிக்கொண்ட ஒன்றைத்தான் அது காட்டியது. உலாவிகள் முழுத்திரை எச்சரிக்கையைக் காட்டின. அதைத் தாண்டிச் செல்லும் பொத்தானை அழுத்தியவர்களே பணத்தை இழந்தார்கள். அவர்களைக் குறை சொல்வது எளிது. எனக்கு அதில் உடன்பாடில்லை. காலாவதியான சான்றிதழோடு கிடக்கும் அலுவலகத் தளங்களையும் அரசுத் தளங்களையும் திறக்க “பரவாயில்லை, தொடரவும்” என்று அழுத்தப் பழக்கியது யார்? எச்சரிக்கை உண்மையாகும் நாளில் விரல் பழக்கத்தால் நகர்கிறது. அந்தப் பொத்தானையே எடுத்துவிடும் எச்.எஸ்.டி.எஸ். என்ற ஏற்பாடு 2012 முதல் உண்டு: ஒருமுறை பாதுகாப்பாக இணைந்த தளம், இனிமேல் பாதுகாப்பில்லாமல் என்னிடம் வராதே என்று உலாவியிடம் சொல்லி வைக்கும், அதன்பின் சான்றிதழ் தவறினால் உலாவி தொடர வழியே தராது. பணம் புழங்கும் எந்தத் தளத்துக்கும் இது இல்லாமல் இருப்பதற்கு நியாயமில்லை.

சான்றளிப்பு நிறுவனங்கள் தவறினால் என்ன ஆகும் என்ற கேள்வியும் வெறும் ஊகம் அன்று. 2011-இல் நெதர்லாந்தின் டிஜிநோட்டார் நிறுவனத்துக்குள் புகுந்தவர்கள் 500-க்கும் மேற்பட்ட போலிச் சான்றிதழ்களை எடுத்தார்கள். கூகுளின் பெயரில் எடுத்த சான்றிதழ், ஈரானில் லட்சக்கணக்கான பயனர்களை உளவு பார்க்கப் பயன்பட்டது. டிஜிநோட்டார் அதே ஆண்டு செப்டம்பரில் திவாலானது. 2014 ஜூலையில், இந்தியாவின் தேசியத் தகவலியல் மையத்தின் சான்றளிப்புப் பிரிவிலிருந்து கூகுளின் பெயர்களுக்கு அனுமதியற்ற சான்றிதழ்கள் வெளிவந்திருப்பது கண்டறியப்பட்டு, அவை ரத்தாயின. அதன்பின் இந்திய அரசின் மூலச் சான்றிதழ், சில குறிப்பிட்ட இந்தியப் பெயர்களுக்கு மட்டுமே செல்லும்படி குரோம் உலாவியில் கட்டுப்படுத்தப்பட்டது. இப்போது வழங்கப்படும் ஒவ்வொரு சான்றிதழும் அழிக்க முடியாத பொதுப் பதிவேடுகளில் ஏற வேண்டும். 2018 ஏப்ரல் 30-க்குப் பின் வழங்கியவை அப்படி ஏறாவிட்டால் குரோம் ஏற்பதில்லை. உங்கள் நிறுவனத்தின் பெயரில் யாராவது சான்றிதழ் வாங்கியிருக்கிறார்களா என்று அந்தப் பதிவேடுகளில் நீங்களே தேடிப் பார்க்கலாம்; பெரிய நிறுவனங்கள் இதைத் தானியங்கியாகவே செய்கின்றன.

இங்கே ஒரு வட்டம் மூடிக்கொள்வதைக் காண வேண்டும். ஒரு பெயருக்குச் சான்றிதழ் கேட்பவர் அந்தப் பெயருக்கு உரியவர்தானா என்று சான்றளிப்பு நிறுவனம் எப்படிச் சோதிக்கிறது? பெரும்பாலும், “உன் தளத்தில் இந்தக் குறியீட்டை வை” என்று சொல்லிவிட்டு, இணையத்தின் வழியாகவே போய்ப் பார்க்கிறது. அதாவது அதே டி.என்.எஸ். வழியாகவும் அதே பி.ஜி.பி. வழியாகவும்தான். பாதையைக் கைப்பற்றியவர் சான்றளிப்பு நிறுவனத்தின் பார்வையையும் திருப்பிவிட்டால், அவருக்கு முறையான சான்றிதழே கிடைத்துவிடும். எச்சரிக்கை எதுவும் வராது, பூட்டுச் சின்னம் சரியாகவே இருக்கும். 2022 பிப்ரவரி 3 அன்று தென்கொரியாவின் கிளேஸ்வாப் என்ற கிரிப்டோ நாணயப் பரிமாற்றச் சேவையில் நடந்தது இதுதான். அது பயன்படுத்திய ஒரு நிரல் கோப்பு இருந்த சர்வரின் பாதையைக் கைப்பற்றி, அந்தப் பெயருக்குச் சான்றிதழும் பெற்று, கோப்பை மாற்றிக் கொடுத்தார்கள். சுமார் 220 கோடி வோன் பறிபோனது.

இதற்குக் கண்ட பரிகாரம் எனக்கு மிகவும் பிடித்தமானது. பி.ஜி.பி. பொய் உலகின் எல்லா மூலைகளிலும் ஒரே சமயத்தில் வெற்றி பெறுவது அரிது. ஆகவே சான்றளிப்பு நிறுவனம் ஒரே இடத்திலிருந்து பார்க்காமல், வெவ்வேறு கண்டங்களிலுள்ள பல இடங்களிலிருந்து ஒரே சமயத்தில் பார்த்து, பதில்கள் ஒத்துப்போனால் மட்டும் சான்றிதழ் தர வேண்டும். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற சான்றளிப்பு நிறுவனம் 2020 பிப்ரவரியில் இதைத் தொடங்கியது. 2025-இல் உலாவிகள் நம்பும் சான்றளிப்பு நிறுவனங்கள் அனைத்துக்கும் இது விதியாயிற்று. அறிவிப்பின் அளவே 24 ஆக இருந்து, அதைவிடச் சிறிய துண்டைப் பெரும்பாலான வலையமைப்புகள் ஏற்காத நிலையில், இந்த முறை நன்றாக வேலை செய்யும். அளவு பெரிதாக இருந்தால் குறுகிய பொய் உலகெங்கும் பரவ இடமுண்டு. ஆகவே இதுவும் ஆர்.பி.கே.ஐ.யும் ஒன்றுக்கொன்று துணையாகவே நிற்க முடியும்.

இவற்றில் பெரும்பகுதி பெருநிறுவனங்களின் கையில் இருப்பதாகத் தோன்றலாம். உண்மையில், சொந்த எண்ணும் ஒரு சிறு முகவரித் தொகுதியும் வைத்துக்கொண்டு ஒரு மாவட்டத்துக்கு ஃபைபர் இணைப்பு தரும் நிறுவனமோ, ஒரு பொறியியல் கல்லூரியின் நெட்வொர்க் பிரிவோ செய்யக்கூடியவைதான் அதிகம். தன் தொகுதிக்குக் கையொப்ப ஆவணத்தைச் சரியான அளவோடு உருவாக்குவதற்குத் தனிக் கருவி வாங்க வேண்டியதில்லை. பதிவகத்தின் தளத்திலேயே செய்துவிடலாம். வாடிக்கையாளர் அறிவிக்கும் தொகுதிகளைப் பட்டியலிட்டு, பட்டியலில் இல்லாததை ஏற்காமல் விடுவது ரவுட்டரில் சில வரிகள். 2008-இல் ஹாங்காங்கில் அந்தச் சில வரிகள் இருந்திருந்தால் யூடியூப் நின்றிருக்காது. பொய்யான அனுப்புநர் முகவரியை வாசலில் நிறுத்துவதும், தன் டி.என்.எஸ். சர்வரில் கையொப்பச் சோதனையை இயக்குவதும், ஸ்விட்ச்களில் ஏற்கெனவே இருக்கும் ஏ.ஆர்.பி. சோதனையை இயக்குவதும் அவ்வாறே.

இன்னும் தீராதது முழுப் பாதையைச் சரிபார்ப்பது. ஆர்.பி.கே.ஐ. ஆவணம் பாதையின் தொடக்கத்தில் நிற்பவருக்கு உரிமை உண்டா என்பதை மட்டுமே சொல்லும். இடையில் உள்ளவர்கள் உண்மையிலேயே அந்த வரிசையில் இணைந்தவர்கள்தானா என்று சொல்லாது. ஒவ்வொரு தாவலிலும் கையொப்பமிடும் பி.ஜி.பி.செக் என்ற முறை 2017-இல் தரநிலையாக வெளிவந்தும், ரவுட்டர்களுக்கு அது தரும் சுமையாலும், பாதையிலுள்ள எல்லோரும் சேர்ந்து செய்தால்தான் பலன் என்பதாலும் பரவவில்லை. அதைவிட இலேசான ஒன்றை, அதாவது ஒவ்வொரு வலையமைப்பும் தனக்கு மேலே இணைப்புத் தருபவர்கள் யார் யார் என்பதை மட்டும் கையொப்பமிட்டு அறிவிக்கும் முறையை, இணையப் பொறியாளர்கள் இப்போது உருவாக்கி வருகிறார்கள். ஒரு வாடிக்கையாளர் தனக்கு இணைப்புத் தரும் இரு பெரிய நிறுவனங்களுக்கு நடுவே தவறுதலாகப் பாலமாகிவிடுவது போன்ற கசிவுகளை அதைக் கொண்டு கண்டுபிடிக்க முடியும். அந்த ஆவணத்தில் தன் பெயரைச் சேர்ப்பது ஒரு வலையமைப்பு தனியாகவே செய்துகொள்ளக்கூடியது, அண்டையார் சேரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.